உப்பு, மாவு, ஒரு சிட்டிகை ஏலக்காய்

2018ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் காப்புரிமை, வணிகக்குறி அலுவலகம் ஒரு வாசனையைத் தன் பதிவேட்டில் ஏற்றியது. மெல்லிய கஸ்தூரிச் சாயல் கொண்ட இனிப்பான வெனிலா மணம், மேலாகச் செர்ரிப் பழத்தின் ஒரு தீற்றல், அடியில் உப்புப் போட்டுப் பிசைந்த கோதுமை மாவின் வாடை. ஹாஸ்ப்ரோ நிறுவனம் விற்கும் ‘பிளே-டோ’ என்ற விளையாட்டு மாவின் வாசனை அது. ஒரு பெயரையோ படத்தையோ வணிகக்குறியாகப் பதிவது எளிது. வாசனையைப் பதிவது கடினம். பொருளின் பயன்பாட்டில் அந்த வாசனைக்குப் பங்கில்லை என்றால்தான் அங்குள்ள சட்டம் அதை ஒருவருக்குச் சொந்தமாக்கும். மணம் இல்லாவிட்டாலும் மாவு உருளும், நீளும், தட்டையாகும். ஆகவே மணம் வெறும் அடையாளம் என்று முடிவானது.

பள்ளியிலிருந்து எரிச்சலோடு திரும்பிய குழந்தையின் கையில் மணமுள்ள மாவு உருண்டையைக் கொடுத்துப் பார்த்தவர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதலில் அது மாவை முகர்கிறது. பிறகு அழுத்துகிறது. மறுபடி முகர்கிறது. கொஞ்ச நேரத்தில் தோள்கள் தளர்கின்றன, குரல் இறங்குகிறது. மணம் ஏதோ ஒரு வேலை செய்யத்தான் செய்கிறது. அது எந்த வேலை என்பதுதான் கேள்வி. வீட்டில் கிளறிய மாவில் லாவெண்டர் எண்ணெயை ஊற்றிவிட்டு, அந்த எண்ணெய்தான் குழந்தையை அமைதிப்படுத்துகிறது என்று சொல்லிவிடுவது சுலபம். நடப்பது அதைவிட நுட்பமானது. என் பார்வையில் அதைவிட அழகானதும்கூட.

பிளே-டோ பிறந்த கதை சுவர் துடைப்பதில் தொடங்குகிறது. அமெரிக்க வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்க நிலக்கரி எரித்த காலத்தில், சுவரில் ஒட்டிய காகிதத்தின் மேல் கரி படியும். அந்தக் காகிதத்தை நனைத்துக் கழுவ முடியாது. சின்சினாட்டி நகரின் குட்டோல் என்ற சோப்பு நிறுவனம் 1930களில் மாவும் தண்ணீரும் உப்பும் கலந்த ஒரு பிசைவைத் தயாரித்து விற்றது. அதை உருட்டிச் சுவரில் ஒற்றி எடுத்தால் கரி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எரிவாயு வந்தது, கழுவக்கூடிய வினைல் சுவர்த்தாளும் வந்தது. பிசைவை வாங்க ஆளில்லை. அந்த நேரத்தில் நியூ ஜெர்சியில் சிறுவர் பள்ளி நடத்திவந்த கே ஸுஃபால், அதைத் தன் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். சாதாரணக் களிமண் சின்ன விரல்களுக்கு மிகவும் கெட்டி. இதுவோ தொட்டதும் வளைந்துகொடுத்தது. நிறுவனத்தை நடத்திய ஜோ மெக்விக்கர் அவருக்கு நெருங்கிய உறவினர். சுவர் துடைக்கும் பொருள் 1956இல் பொம்மையாகக் கடைக்கு வந்தது. முதலில் வெள்ளை மட்டும்தான். சிவப்பும் நீலமும் மஞ்சளும் அடுத்துச் சேர்ந்தன.

நம் சமையலறைகளில் இதே பொருள் வேறு பெயரில் வெகுகாலமாக இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் அரிசி மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் கிளறி இறக்கும் கொழுக்கட்டை மாவு அது. பிள்ளையார் சதுர்த்தியன்று அம்மாவோ பாட்டியோ சொப்பு செய்யும்போது, பக்கத்தில் நச்சரிக்கும் குழந்தைக்கு ஓர் உருண்டையைக் கிள்ளிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். குழந்தை அதில் பிள்ளையார் பிடிக்கும், பாம்பு உருட்டும், பூசணிக்காய் செய்யும். அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் இவை எதுவும் நடக்காது, மாவு உதிர்ந்துவிடும். வெந்நீர் பட்டதும் எப்படி இழுத்த இழுப்புக்கு வருகிறது?

விடை மாவுச்சத்தில் இருக்கிறது. மாவின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத மாவுச்சத்து மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலிகள் இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை இருவகை: கிளையில்லாமல் நீளும் அமைலோஸ், மரம்போல் கிளைவிடும் அமைலோபெக்டின். குளிர்ந்த தண்ணீர் இந்த அடுக்குக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கிறது. வெப்பம் சுமார் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சங்கிலிகளின் பிடி தளர்கிறது. தண்ணீர் உள்ளே பாய்கிறது, மணி பல மடங்கு உப்புகிறது, அமைலோஸ் வெளியே கசிந்து அக்கம்பக்கத்து மணிகளைப் பின்னிப் பிடிக்கிறது. பாத்திரத்தில் கஞ்சிபோல் ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று கரண்டியைச் சுற்றிச் சுருண்டு வரும் அந்தக் கணம் இதுதான். களி கிளறியவர்கள் எல்லோரும் இந்தக் கணத்தைக் கையால் உணர்ந்திருக்கிறார்கள்.

கோதுமை மாவில் இன்னொரு விஷயமும் உண்டு. அதிலுள்ள கிளியாடின், குளூட்டெனின் என்ற இரு புரதங்கள் தண்ணீரும் பிசைவும் கிடைத்ததும் கைகோத்துக் குளூட்டன் வலையாகின்றன. பரோட்டா மாவை வீசி விரிக்க முடிவது அதனால்தான். ஆனால் விளையாட்டு மாவுக்கு இந்த இழுவை அதிகம் தேவையில்லை. இழுத்தால் சுருங்கித் திரும்பும் மாவில் ஒரு குழந்தை யானை செய்ய முடியாது. மாவை அடுப்பில் வேகவைக்கும்போது புரத வலை இறுகி ரப்பர்த்தன்மையை இழக்கிறது, மாவுச்சத்து பொறுப்பேற்றுக்கொள்கிறது. பச்சை மாவைப் பிசைந்து கொடுக்கக் கூடாது என்பதற்கு வேறொரு முக்கியமான காரணமும் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. அதில் ஈ-கோலை, சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இருக்கலாம். குழந்தைகளுக்குப் பச்சை மாவை விளையாடக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறது.

செய்முறை எளியது. 100 கிராம் மைதா, 70 கிராம் தூள் உப்பு, 200 மில்லி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் அடிகனமான பாத்திரத்தில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளற வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு அடியில் திப்பிதிப்பியாகக் கெட்டிப்படும். விடாமல் கிளறினால் மொத்தமும் திரண்டு பாத்திரத்தை விட்டுப் பிரியும். இறக்கி, கைபொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசைந்தால் மழமழவென்று வரும்.

உப்பு ஏன் இவ்வளவு என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். 100 மில்லி தண்ணீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்பு கரையும்; அதற்கு மேல் கரையாது. நம் மாவில் இருக்கும் உப்பு கிட்டத்தட்ட அந்த எல்லையைத் தொடுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் உப்பின் அயனிகளைச் சூழ்ந்து நிற்பதால் நுண்ணுயிர்களுக்கு எடுத்துக்கொள்ளத் தண்ணீர் மிஞ்சுவதில்லை. உணவு அறிவியலில் இதை நீர்ச்செயல்பாடு என்று அளக்கிறார்கள். தூய தண்ணீருக்கு அது 1. உப்பு முழுதும் கரைந்து நிறைந்த நீருக்கு 0.75. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே பெருக முடியாது, பெரும்பாலான பூஞ்சைகள் 0.8க்குக் கீழே தவிக்கும். நம் ஊறுகாயும் கருவாடும் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன.

அந்த 0.75 என்ற எண்ணில் இன்னொரு வியப்பு ஒளிந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உப்பு மாவு தன் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்து வறளும். அதற்கு மேலே போனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிவதும், திறந்துவைத்த விளையாட்டு மாவு கையில் ஒட்டுவதும் ஒரே விதியால் நிகழ்பவை. அதே மாவு சித்திரை மாதத்துச் சேலத்தில் ஒரு பிற்பகலிலேயே வெடிப்பு விடும். கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப்போட வேண்டியதில்லை. ஒட்டினால் கொஞ்சம் மாவு தூவிப் பிசையலாம். வறண்டால் கையை நனைத்துப் பிசையலாம்.

எலுமிச்சைக்கு வருவோம். மேலை நாட்டுச் செய்முறைகளில் இந்த இடத்தில் கிரீம் ஆஃப் டார்ட்டர் வரும். திராட்சை மது புளிக்கும் பீப்பாய்களின் உள்சுவரில் படியும் டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசிய உப்பு அது. நம் புளியின் புளிப்பும் பெரும்பாலும் அதே டார்டாரிக் அமிலத்தால் வருவதுதான். ஆனாலும் புளி மாவைப் பழுப்பாக்கிவிடும், எலுமிச்சை போதும். அமிலம் மாவுச்சத்துச் சங்கிலிகளை ஆங்காங்கே சற்று வெட்டுகிறது; மாவு கூடுதல் மென்மையாகிறது. எண்ணெய் கையில் ஒட்டாமல் காக்கிறது, ஈரம் ஆவியாவதையும் தாமதப்படுத்துகிறது. இதைக் குளிர்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். வெந்த மாவுச்சத்தின் சங்கிலிகள் ஆறியதும் மெல்ல மெல்லப் பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கும். குளிர்பெட்டியின் குளிரில் அது வேகமாக நடக்கும். முந்தைய நாள் சோறு அங்கே விறைத்துப்போவது அதனால்தான். காற்றுப்புகாத டப்பா, அறை வெப்பம், அவ்வளவே.

இனி கைக்குள் நடப்பதைப் பார்க்கலாம். விளையாட்டு மாவு ஒரு விசித்திரப் பொருள். மேசையில் வைத்தால் திடப்பொருளாக நிற்கிறது. அழுத்தினால் திரவம்போல் வழிந்துகொடுக்கிறது. விட்டதும் புதிய வடிவத்திலேயே நிற்கிறது. அமெரிக்க வேதியியலர் யூஜின் பிங்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்ணப்பூச்சுகளை ஆராய்ந்தபோது இந்த வகைப் பொருள்களுக்குக் கணக்கு எழுதினார். ஒரு குறிப்பிட்ட அளவு அழுத்தம்வரை அவை அசையாது. அதைத் தாண்டினால் ஓடத் தொடங்கும். அந்த எல்லை மிகத் தாழ்வாக இருந்தால் யானையின் தும்பிக்கை தொங்கிவிடும், மிக உயரமாக இருந்தால் குழந்தையின் விரல் தோற்றுவிடும். நல்ல விளையாட்டு மாவு என்றால் அந்த எல்லை நான்கு வயதுக் குழந்தையின் விரல்வலிமைக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். முயன்றால்தான் வளையும், முயன்றால் கட்டாயம் வளையும். அந்தக் குழந்தையின் ஒரு நாளில் அதன் விருப்பத்துக்கு இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்லும் பொருள்கள் அதிகம் கிடையாது. எழுந்திரு, சாப்பிடு, ஷூவைப் போடு, பேசாதே என்று எல்லாமே பெரியவர்களின் முடிவாக இருக்கும் நாளில், இந்த ஓர் உருண்டையின் வடிவத்தை அதுவே தீர்மானிக்கிறது. அமைதியின் முதல் பங்கு இதிலிருந்துதான் வருகிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மனித உள்ளங்கையிலும் விரல்களிலும் சேர்த்துத் தொடுகையை உணரும் நரம்பு இழைகள் ஒரு கைக்குச் சுமார் 17,000 இருக்கின்றன. சில மெல்லிய வருடலுக்கு விழிக்கும், சில அழுத்தம் நீடிக்கும்வரை செய்தி அனுப்பிக்கொண்டேயிருக்கும், சில அதிர்வை உணரும், சில தோல் இழுபடுவதை உணரும். மாவைப் பிசையும்போது நான்கு வகைகளும் ஒருசேர வேலை செய்கின்றன. விரல்தசைக்குள் இருக்கும் உணரிகளோ, எவ்வளவு விசை கொடுத்தோம், எவ்வளவு வளைந்தது என்று கணக்குச் சொல்கின்றன. மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் 1930களில் மூளை அறுவைச் சிகிச்சையின்போது மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத்தொட்டு வரைந்த வரைபடத்தில், முதுகு முழுவதற்கும் கிடைத்த இடத்தைவிடக் கைக்கும் உதட்டுக்கும் கிடைத்த இடம் மிகப் பெரிது. கையில் வேலையிருக்கும்போது மூளையின் அவ்வளவு பெரிய பரப்பு விழித்திருக்கிறது. கவலையைத் திரும்பத்திரும்ப அசைபோட அதற்கு நேரம் குறைகிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் அடுத்தடுத்த அமர்வுகளில் குழந்தைகளுக்குக் கெட்டி மாவைப் பிசையக் கொடுப்பது விரல்வலிமைக்காக மட்டும் இல்லை.

பிலடெல்ஃபியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் உடன் பணியாற்றியவர்களும் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 39 பெரியவர்களிடம் களிமண், வண்ணப் பேனாக்கள், ஒட்டுவேலைக் காகிதங்கள் எல்லாம் கொடுத்து, 45 நிமிடம் விரும்பியதைச் செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. கலையில் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வு, குழந்தைகளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் கைவேலை உடலுக்குள் இறங்கி எதையோ மாற்றுகிறது என்பதை அது அளந்து காட்டியது.

மணத்தின் வழி வேறு. கண்ணும் காதும் தோலும் அனுப்பும் செய்திகள் மூளையின் நடுவிலிருக்கும் தலாமஸ் என்ற நிலையத்தில் இறங்கித்தான் மேலே போகும். மூக்கின் செய்தி அந்த நிலையத்தில் நிற்பதில்லை. மூக்கின் மேற்கூரையில் சுமார் 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991இல் கண்டறிந்தார்கள், 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். அங்கிருந்து கிளம்பும் செய்தி நுகர்குமிழைத் தொட்டு, நேரே அமிக்டலா என்ற உணர்ச்சிப் பகுதிக்கும் நினைவைப் பதியும் பகுதிகளின் வாசலுக்கும் போய்விடுகிறது. இது என்ன மணம் என்று பெயர் சொல்வதற்கு முன்பே அது பிடித்திருக்கிறதா, பயமா என்று மனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. வாசனை கிளப்பும் நினைவுகளில் பெரும்பாலானவை பத்து வயதுக்கு முந்தையவை என்று உளவியலர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு இன்று தரும் மணத்தை அது முதுமையிலும் திறந்துபார்க்கும்.

லாவெண்டருக்கு ஆதரவாக ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் 2018இல் எலிகளை லினலூல் மணத்தில் இருக்கவிட்டார்கள். லாவெண்டரின் முக்கிய மணப்பொருள் அது. மல்லிகையிலும் கொத்தமல்லி விதையிலும்கூட உண்டு. எலிகளின் பதற்றம் குறைந்தது. முகரும் திறன் இழந்த எலிகளிடம் அந்த விளைவு இல்லை. அப்படியானால் அது இரத்தத்தில் கலந்து வேலை செய்யவில்லை, மூக்கின் வழியாகவே வேலை செய்கிறது. எலிகளிடம் கிடைத்த இந்த முடிவைப் புட்டியின் மேல் அச்சிட்டு, உங்கள் குழந்தை அமைதியாகும் என்று விற்பதை நான் ஏற்பதில்லை.

குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் காட்டுவது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. 2000இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், கர்ப்ப காலத்தில் அனிஸ் மணமுள்ள உணவு சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த சிசுக்கள், பிறந்த சில மணி நேரத்திலேயே அந்த மணத்தின் பக்கம் முகம் திருப்பின. மற்றக் குழந்தைகள் அதை விரும்பவில்லை, அல்லது பொருட்படுத்தவில்லை. நம் சோம்பின் மணத்துக்குக் காரணமான அனெதோல்தான் அனிஸுக்கும் மணம் தருவது. 2005இல் வெளியான இன்னொரு ஆய்வில், பரிசோதனைக்காகக் குதிகாலில் ஊசி குத்தப்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கு மணங்களை முகரக் கொடுத்தார்கள். தாய்ப்பாலின் மணமும், முன்கூட்டியே பழக்கப்படுத்திய வெனிலா மணமும் அவற்றின் பதற்றத்தைத் தணித்தன. வெனிலா மருந்து என்பதால் தணியவில்லை. தெரிந்த மணம் என்பதால் தணிந்தது.

இதுதான் நான் சொல்ல வந்தது. எந்த மணம் என்பதைவிட, யாருடைய மணம், எப்போது பழகிய மணம் என்பதே குழந்தையிடம் வேலை செய்கிறது. லாவெண்டர் தோட்டத்தைப் பார்த்தறியாத திருநெல்வேலிக் குழந்தைக்கு லாவெண்டர் வெறும் புது வாசனை. பாயசம் கொதிக்கும் ஏலக்காய் மணம், பாட்டியின் தலையில் வாடிய மல்லிகை, கோடையில் பானைத் தண்ணீரில் ஊறும் வெட்டிவேர், கல்யாண வாசலில் தெளித்த பன்னீர் ஆகியவை ஏற்கெனவே பாதுகாப்பான நேரங்களோடு முடிச்சுப் போடப்பட்டவை. புதிய முடிச்சையும் போடலாம். குழந்தை நன்றாக இருக்கும் வேளையில், அவசரமில்லாத மாலையில், ஒரே மணமுள்ள மாவை மட்டும் தொடர்ந்து கொடுத்து வந்தால், அந்த மணமே ‘இப்போது பதற்றம் வேண்டாம்’ என்ற அறிவிப்பாக மாறும். அழுகை உச்சத்திலிருக்கும்போது முதன்முறையாக அதை நீட்டினால் அழுகையோடு முடிச்சு விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு.

மணத்தை எப்போது சேர்ப்பது? அடுப்பில் இருக்கும்போது சேர்த்தால் அது குழந்தைக்கு வராமல் சமையலறைக்குப் போய்விடும். மணப்பொருள்கள் எல்லாமே எளிதில் ஆவியாகுபவை. அதனால்தான் அவை மூக்கை எட்டுகின்றன. மாவு வெதுவெதுப்பாக ஆறியபின் ஒரே ஓர் ஏலக்காயின் விதையைப் பொடித்துப் பிசைந்தால் போதும். வெட்டிவேரை இரவே தண்ணீரில் ஊறவைத்து, ஆறிய மாவை அந்தத் தண்ணீரில் கை நனைத்துப் பிசையலாம். பன்னீர் என்றால் கடைசியில் ஒரு தேக்கரண்டி. மாவில் இருக்கும் எண்ணெய் மணமூலக்கூறுகளைக் கரைத்துப் பிடித்துவைக்கும். அமைலோஸ் சங்கிலிகளும் சுருள்வில்போல் சுருண்டு, தம் நடுக்குழிக்குள் சில மணமூலக்கூறுகளைச் சிறைவைக்கும். கஞ்சியில் அயோடின் விட்டால் நீலமாவது அதே சுருளுக்குள் அயோடின் போய் உட்காருவதால்தான். குழந்தையின் உள்ளங்கைச் சூடு பட்டுப் பட்டு மணம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. நிமிடங்களில் மூக்கு அதற்குப் பழகிவிடும். மணம் போய்விட்டதென்று மேலும் சேர்க்காதீர்கள். போனது மணமில்லை, நம் கவனிப்பு.

நிறத்துக்கும் கடைச் சாயம் வேண்டாம். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. பீட்ரூட் சாறு கொஞ்சம். உலர்ந்த சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நல்ல நீலம் இறங்கும். குழந்தையைக் கூப்பிட்டு, அந்த நீலத் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழியச் சொல்லுங்கள். கண்ணெதிரே ஊதாவாகும். பூவின் ஆந்தோசயனின் நிறமி அமிலத்தில் தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதால் நேரும் மாற்றம் அது. மாவு கிளறுவதற்கு முன்பே அன்றைய பெரிய சந்தோஷம் கிடைத்துவிடும்.

விளையாடும்போது மூச்சும் தன் பங்கைச் செய்கிறது. முகர்வதற்குக் குழந்தை ஆழ்ந்து இழுக்கிறது. இதயம் ஒவ்வொரு மூச்சிழுப்பிலும் சற்று விரைந்து, ஒவ்வொரு மூச்சுவிடலிலும் சற்று நிதானிக்கும்; வேகஸ் நரம்பு செய்யும் வேலை அது. மூச்சுவிடல் நீளும்போது நிதானமும் நீள்கிறது. ‘மூச்சை மெதுவாக விடு’ என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் கேட்காது. பாம்பு உருட்டுவோம், வால் முடியும்வரை ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்லிக்கொண்டே உருட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். பாம்பு நீள நீள மூச்சும் நீளும்.

சில எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மாவின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உப்பு. நெல்லிக்காய் அளவு உருண்டையை விழுங்கினால், ஒரு பெரியவர் ஒரு நாளைக்குத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த 5 கிராம் உப்பு உள்ளே போய்விடும். எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தைக்கு இதைத் தனியே கொடுக்காதீர்கள். அந்த வயதுக்கு உப்பில்லாத கொழுக்கட்டை மாவே போதும். விளையாடி முடிந்ததும் எறிந்துவிடலாம். வீட்டு நாய் இந்த உப்பு மாவைத் தின்றால் இரத்தத்தில் சோடியம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கோதுமை ஒவ்வாமையோ சீலியாக் நோயோ உள்ள குழந்தைக்கு மைதாவுக்குப் பதில் அரிசி மாவு. கையில் புண் இருந்தால் உப்பு எரியும், அன்று வேண்டாம். மாவில் புள்ளியோ புளித்த வாடையோ தெரிந்தால் தயங்காமல் தூக்கிப்போடுங்கள்.

மணப்பொருள்களிலும் கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், புதினா எண்ணெய் இவற்றைச் சிறு குழந்தைகளின் மாவில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் உள்ளே போனால் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம், அதுவும் சில நிமிடங்களிலேயே வரக்கூடும். ‘ஏலக்காயிலும் யூகலிப்டஸிலும் இருப்பது சினியோல் என்ற அதே மணப்பொருள்தானே?’ என்று கேட்கலாம். உண்மைதான். ஒரு காயின் விதையில் இருப்பது மிகச் சிறு துளி, புட்டியில் இருப்பது வடித்துச் செறிவாக்கிய திரவம். நஞ்சும் நறுமணமும் பிரிவது அளவில்தான். லாவெண்டர்போல் லினலூல் உள்ள செறிவான எண்ணெயில், குறிப்பாகத் திறந்து நாளான புட்டியில், காற்றுபட்டு மாறிய லினலூல் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். முழு மசாலாப் பொருளும் பூவும் வேரும் கையருகே கிடைக்கும் நமக்கு அந்தப் புட்டிகள் தேவையில்லை.

சில குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ள சிலருக்கு, கையில் ஒட்டும் பொருளோ ஒரு குறிப்பிட்ட மணமோ தாங்க முடியாத துன்பமாக இருக்கும். அது அடம் இல்லை. அவர்கள் நரம்புகள் அந்தச் செய்தியை உரத்த குரலில் கேட்கின்றன. மாவை ஒரு மெல்லிய பைக்குள் போட்டு மூடி அழுத்தக் கொடுக்கலாம். மணமே இல்லாமல் கொடுக்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அமைதிக்காகக் கொடுக்கும் பொருளை வற்புறுத்திக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

வரும் விடுமுறை நாளில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து குழந்தையின் முன் வையுங்கள். ஏலக்காய், சோம்பு, பட்டை என்று ஒவ்வொன்றாக முகர்ந்து அதுவே தேர்ந்தெடுக்கட்டும். பட்டையின் காரம் தோலை எரிக்கும் என்பதால் அதை மட்டும் மணம் பார்த்தபின் திரும்ப வைத்துவிடுங்கள். மாவு ஆறியதும் இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.